தக்ளியும் பள்ளிக்கூடமும்: திண்டுக்கல் வட்டாரத்தை முன்வைத்து ஆதாரக் கல்வியின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

பள்ளிக் கல்வியைச் சீர்திருத்தப் புத்தாக்கம், தொழில்நுட்பம், தொழில்முனைவு ஆகியவற்றைத் துணைக்கழைக்கும் போக்கு இன்று வலுப்பெற்றுள்ளது. இது புதிய போக்கன்று. 1937-இல் வார்தாவில் உருப்பெற்ற ஆதாரக் கல்வித் திட்டம் இம்மூன்றையும் ஒருங்கே வேண்டிய முயற்சியாகும். அத்திட்டம் திண்டுக்கல் வட்டாரத்தில் காந்திகிராமத்தின் வழியாக வேர்கொண்டது. 1953-இல் அன்றைய சென்னை மாநிலத்தில் அறிமுகமான மாற்றுத் தொடக்கக் கல்வித் திட்டம் 'குலக்கல்வி' என மறுக்கப்பட்டபோது, தொழில்வழிக் கல்வி என்னும் கருத்தே ஐயத்துக்குள்ளாயிற்று. இவ்விரு நிகழ்வுகளையும் ஒப்புநோக்கி, கருவி, வருவாய், மேற்செல்லும் வழி ஆகிய மூன்று அளவுகோல்களை வகுத்து, அவற்றால் இன்றைய பள்ளிப் புத்தாக்கத் திட்டங்களை மதிப்பிட இக்கட்டுரை முற்படுகிறது.

திறவுச்சொற்கள்: ஆதாரக் கல்வி, வார்தாத் திட்டம், காந்திகிராமம், குலக்கல்வி, பள்ளிச் சீரமைப்பு, தொழிற்கல்வி, திண்டுக்கல், குஜிலியம்பாறை

முன்னுரை

திண்டுக்கல் மாவட்டத்தின் வடபகுதியில், கரூர் மாவட்டத்தை ஒட்டி அமைந்தது குஜிலியம்பாறை. மழையை நம்பிய மானாவாரி நிலமும் ஆடுமாடு வளர்ப்பும் இப்பகுதியின் பழைய வாழ்வாதாரங்கள். தெற்கே வேடசந்தூரைச் சுற்றி நூற்பாலைகள் பெருகிய பின்னர், ஆலைவேலை மற்றொரு வாழ்வாதாரமாயிற்று. இவ்வட்டாரத்தின் ஒரு குடும்பம் தன் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும்போது காட்டிலிருந்தும் ஆலையிலிருந்தும் அப்பிள்ளை வெளியேற வேண்டும் என்றே பெரும்பாலும் எண்ணுகிறது. பள்ளியோ, காந்தியடிகளின் காலந்தொட்டு, கைத்தொழிலையும் உழைப்பையும் கல்விக்குள் கொண்டுவரப் பலமுறை முயன்றிருக்கிறது. உழைப்பிலிருந்து விடுபடக் கல்வியை நாடும் பெற்றோரும், உழைப்பின் வழியாகக் கல்வி தர விழையும் சீர்திருத்தவாதிகளும் எதிரெதிர்த் திசைகளில் நிற்கின்றனர். தமிழகப் பள்ளிக் கல்வி வரலாற்றில் போதிய கவனம் பெறாத முரண் இது.

இம்முரணை ஆராயத் திண்டுக்கல் வட்டாரம் பொருத்தமான களமாகும். ஆதாரக் கல்விக் கொள்கையைத் தழுவிய காந்திகிராமம் இங்கே அமைந்துள்ளது. கைத்தறிக்குப் பெயர்பெற்ற சின்னாளபட்டி, பூட்டுத் தொழிலுக்கும் தோல் பதனிடுதலுக்கும் பெயர்பெற்ற திண்டுக்கல் நகரம், நூற்பாலைகள் நிறைந்த வேடசந்தூர் ஆகியவை ஒரே மாவட்டத்தில் அடங்குகின்றன. தொழில், சாதி, பள்ளி ஆகிய மூன்றும் ஒன்றையொன்று எவ்வாறு தொட்டன என்பதை இங்கே தெளிவாகக் காணலாம்.

வார்தாத் திட்டம்: கல்வியும் கணக்கும்

1937-இல் மாகாணங்களில் காங்கிரசு அமைச்சரவைகள் பொறுப்பேற்றபோது, கட்டாயக் கல்விக்கான நிதியை எவ்வாறு திரட்டுவது என்னும் சிக்கல் எழுந்தது. அன்று மாகாண அரசுகளின் வருவாயில் மதுவரி பெரும்பங்கு வகித்தது. மதுவிலக்கும் வேண்டும், கல்வி விரிவாக்கமும் வேண்டும் என்ற நிலையில், பள்ளி தன் செலவைத் தானே ஈட்ட வேண்டும் என்னும் கருத்தைக் காந்தியடிகள் 'அரிசன்' இதழில் முன்வைத்தார். பள்ளியில் விளையும் பொருள்களை அரசு ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது அக்கருத்தின் உள்ளடங்கிய நிபந்தனையாகும்.

1937 அக்டோபர் 22, 23 ஆகிய நாள்களில் வார்தாவில் கூடிய கல்வி மாநாடு நான்கு தீர்மானங்களை ஏற்றது. ஏழாண்டுக் கட்டணமில்லாக் கட்டாயக் கல்வி, தாய்மொழிவழிப் பயிற்சி, சூழலுக்கேற்ற ஒரு கைத்தொழிலை மையமாகக் கொண்ட பாடத்திட்டம், ஆசிரியர் ஊதியத்தைப் படிப்படியாகப் பள்ளியே ஈடுசெய்தல் என்பன அவை. பாடத்திட்டத்தை வகுக்க ஜாகிர் உசேன் தலைமையில் குழு அமைக்கப்பட்டது. அக்குழுவின் அமைப்பாளரான ஆரியநாயகம் யாழ்ப்பாணத் தமிழர். உறுப்பினருள் ஒருவரான ஜே. சி. குமரப்பா தஞ்சாவூரில் பிறந்தவர். தம் இறுதிக் காலத்தை மதுரை மாவட்டம் தே. கல்லுப்பட்டியில் கழித்தவர். ஆதாரக் கல்வியை வடக்கிலிருந்து வந்த ஒன்றாக மட்டும் கருதும் பார்வைக்கு இவ்விருவரின் பங்கு ஒரு மறுப்பாகும்.

1937 டிசம்பரில் அளிக்கப்பட்ட குழுவின் அறிக்கை, 5 மணி 30 நிமிடம் கொண்ட பள்ளி நாளில் 3 மணி 20 நிமிடத்தைக் கைத்தொழிலுக்கு ஒதுக்கியது. தாய்மொழிக்கு 40 நிமிடமும், இசை, ஓவியம், கணக்கு ஆகியவற்றுக்குச் சேர்த்து 40 நிமிடமும், சமூக அறிவியலுக்கும் பொது அறிவியலுக்கும் 30 நிமிடமும், உடற்பயிற்சிக்கும் இடைவேளைக்கும் தலா 10 நிமிடமும் கிடைத்தன. நூற்பு நெசவு, தச்சு, வேளாண்மை, தோட்டக்கலை, தோல்வேலை முதலியன மையத் தொழில்களாகப் பரிந்துரைக்கப்பட்டன.

இத்திட்டத்தின் உண்மையான புத்தாக்கம் தொழிலைச் சேர்த்ததில் இல்லை. தொழிலோடு பாடத்தை இயைபுபடுத்திக் கற்பித்ததில்தான் உள்ளது. நூல் எண் கணக்கு இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 840 கெஜ நீளம் கொண்ட நூற்கழிகள் ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை நிற்கின்றனவோ அதுவே அந்நூலின் எண். 20-ஆம் எண் நூல் ஒரு பவுண்டு என்றால் அதன் நீளம் 16,800 கெஜம். இதைக் கண்டறியும் சிறுவன் பெருக்கல், வகுத்தல், விகிதம், அளவை ஆகியவற்றைக் கையால் தொட்டு அறிகிறான். பஞ்சு விளையும் மண்ணிலிருந்து புவியியலும், துணி வணிகத்திலிருந்து வரலாறும், தக்ளியின் சுழற்சியிலிருந்து இயற்பியலும் கிளைக்கும் என்பது திட்டத்தின் எதிர்பார்ப்பு.

அதே கணக்கைப் பொருளியலுக்கும் பொருத்திப் பார்க்கலாம். ஒரு மாணவன் மணிக்கு 210 கெஜம் நூற்கிறான் எனக் கொண்டால், மேற்கண்ட ஒரு பவுண்டு நூலுக்கு 80 மணி நேரம் தேவைப்படும். நாளொன்றுக்கு 3 மணி 20 நிமிடம் நூற்றால், அது 24 பள்ளி நாள்களின் உழைப்பு. ஒரு மாதப் பள்ளி வேலைக்கு விளைவு ஏறத்தாழ ஒரு பவுண்டு நூல். ஆலை நூலோடு சந்தையில் போட்டியிட வேண்டிய அந்நூல், ஆசிரியரின் ஊதியத்தை ஈட்டித் தருமா என்பதற்கு இக்கணக்கே விடை கூறிவிடுகிறது. மாநாட்டிலேயே பொருளியலறிஞர் கே. டி. ஷா இவ்வகை ஐயங்களை எழுப்பினார். பள்ளிப் பொருள்கள் ஏழைக் கைவினைஞர்களின் சந்தையைக் குலைக்கக்கூடும் என்பதும் அவர் கவலை. 1944-இல் வெளிவந்த சார்ஜெண்டு அறிக்கை ஆதாரக் கல்வியின் கற்பித்தல் கொள்கையை ஏற்று, தற்சார்புக் கொள்கையை விலக்கியது. மாணவர் செய்யும் பொருள்களின் விற்பனை கூடுதல் மூலப்பொருள், கருவி ஆகியவற்றின் செலவை மட்டுமே ஈடுசெய்யும் என அது கருதியது.

ஆகவே ஆதாரக் கல்விக்குள் இரண்டு திட்டங்கள் ஒன்றாகப் பிணைந்திருந்தன எனலாம். ஒன்று கற்பித்தல் புத்தாக்கம். மற்றொன்று பள்ளியை உற்பத்திக் கூடமாக்கும் தொழில்முனைவு. முன்னதன் மதிப்பைப் பின்னதன் தோல்வி மறைத்தது என்பது இக்கட்டுரையின் முதல் கருதுகோள்.

கருவி பற்றிய வினாவும் காந்திகிராமமும்

1924-இல் சாந்திநிகேதன் மாணவரான இளைஞர் ஒருவர் காந்தியடிகளைச் சந்தித்து, அவர் எல்லா இயந்திரங்களுக்கும் எதிரானவரா என வினவினார். காந்தியடிகள் அதை மறுத்தார். மனித உடலே நுட்பமான இயந்திரம், இராட்டையும் ஓர் இயந்திரம் என விளக்கினார். தம் எதிர்ப்பு இயந்திரத்தின் மீதன்று, அதன்மீது கொண்ட பித்தின்மீது என்றார். விலக்காக ஏற்கத்தக்க கருவிக்குச் சிங்கர் தையல் இயந்திரத்தைச் சான்று காட்டினார். வினவிய இளைஞர் கோ. இராமச்சந்திரன். மகாதேவ தேசாயால் பதிவு செய்யப்பட்ட இவ்வுரையாடல் காந்தியத் தொழில்நுட்பச் சிந்தனையை ஆராய்வோர் தவறாது எடுத்தாளும் ஆவணமாகும்.

அவ்வினாவைக் கேட்டவர், 23 ஆண்டுகளுக்குப் பின்னர், திண்டுக்கல்–மதுரைச் சாலையில், சிறுமலை அடிவாரத்தில், சின்னாளபட்டிக்கு அருகே தம் துணைவியார் டாக்டர் தி. சே. சௌந்தரத்துடன் காந்திகிராமத்தை நிறுவினார். 1947 அக்டோபரில் அது தொடங்கப்பட்டது. தொழிலதிபர் டி. வி. சுந்தரம் அய்யங்காரின் மகளான சௌந்தரம், இளமையில் கணவரை இழந்து, பின்னர் தில்லியில் மருத்துவம் பயின்றவர். 1952-இல் ஆத்தூர், 1957-இல் வேடசந்தூர் ஆகிய தொகுதிகளிலிருந்து சட்டப்பேரவைக்கும், 1962-இல் திண்டுக்கல்லிலிருந்து மக்களவைக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஒன்றியக் கல்வித் துறைத் துணை அமைச்சராகவும் பணியாற்றினார். குஜிலியம்பாறை இன்று அடங்கியுள்ள வேடசந்தூர்த் தொகுதியின் தொடக்கக்காலப் பேராளர் ஒருவர் ஆதாரக் கல்வி இயக்கத்தவர் என்பது இவ்வட்டார வரலாற்றில் நினைவுகூரத்தக்கது.

காந்திகிராமம் பள்ளியைத் தனித்து நிறுத்தவில்லை. மருத்துவப் பணி, கதர் உற்பத்தி, ஆசிரியர் பயிற்சி, ஊர்ப்புறத் தொண்டு ஆகியவற்றோடு பள்ளியை ஒரே வளாகத்தில் இணைத்தது. 1956-இல் ஊரக உயர்கல்வி நிறுவனம் ஒன்றும் இங்கே தொடங்கப்பட்டது. 1976-இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. இவ்வளர்ச்சியின் உட்பொருள் ஆழ்ந்து நோக்கத்தக்கது. ஆதாரப் பள்ளியில் பயின்ற மாணவர் எங்கே மேற்படிப்புக்குச் செல்வார் என்பது நாடெங்கும் ஆதாரக் கல்வியை அலைக்கழித்த வினா. உயர்நிலைப் பள்ளியும் பல்கலைக்கழகமும் பழைய தேர்வுமுறையையே நுழைவாயிலாகக் கொண்டிருந்தன. நூற்கவும் நெய்யவும் கற்ற மாணவர் அந்நுழைவாயிலில் நின்றபோது, அவர் கற்றது அங்கே மதிப்பெண்ணாக மாறவில்லை. காந்திகிராமம் தொடக்கப்பள்ளி முதல் உயர்கல்வி வரை ஒரு படிவரிசையைக் கட்ட முயன்றதால், இவ்வினாவுக்குத் தன் எல்லைக்குள் ஒரு விடை தர இயன்றது. அவ்வெல்லைக்கு வெளியே, ஓர் ஒன்றியப் பள்ளியில் பயின்ற சிறுவனுக்கு அவ்விடை கிட்டவில்லை.

நூற்பு மையத் தொழிலாக அமைந்ததற்கு மற்றொரு காரணமும் கூறலாம். தமிழகத்தில் நெசவு, தச்சு, தோல்வேலை, மட்கலம் வனைதல் முதலிய பெரும்பாலான கைத்தொழில்கள் குறிப்பிட்ட சமூகங்களோடு அடையாளப்படுத்தப்பட்டவை. கைந்நூற்போ பல சமூகப் பெண்களின் வீட்டுவேலையாக இருந்தது. எனவே ஒரு சாதியின் பெயரைச் சுமக்காத தொழிலாக அதை வகுப்பறைக்குள் கொண்டுவருவது எளிதாயிற்று. ஆயின் இதன் மறுபக்கமும் உண்டு. ஜாகிர் உசேன் குழுவின் பட்டியலில் தோல்வேலையும் இடம்பெற்றிருந்தது. தோல் பதனிடும் கூடங்கள் நிறைந்த திண்டுக்கல்லில், எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் அமர்ந்து தோல்வேலை பயில்வதே ஆதாரக் கல்வியின் சமூக நோக்கத்துக்கு உண்மையான உரைகல்லாக இருந்திருக்கும். தக்ளி சாதியைத் தாண்டியது என்பதைக் காட்டிலும், சாதியை எதிர்கொள்ளாமல் விலகிச் சென்றது என்பதே பொருத்தம்.

1953: வீடே பட்டறையான திட்டம்

1953-ஆம் கல்வியாண்டில் முதலமைச்சர் இராஜாஜி மாற்றுத் தொடக்கக் கல்வித் திட்டத்தை அறிமுகப்படுத்தினார். பத்தாண்டுகளுக்குள் 14 வயது வரை கட்டாயக் கல்வி என்னும் அரசமைப்பின் நெறி, மாநிலத்தின் நிதிப் பற்றாக்குறை ஆகிய இரண்டுக்கும் இடையே ஒரு குறுக்கு வழியாக அது அமைந்தது. நகராட்சிகளுக்கு வெளியேயுள்ள தொடக்கப் பள்ளிகளில் பள்ளி நேரம் மூன்று மணியாகக் குறைக்கப்பட்டது. மாணவர் இரு பிரிவினராகப் பிரிக்கப்பட்டனர். அதே கட்டடமும் அதே ஆசிரியரும் இருமடங்கு மாணவருக்குப் பயன்படுவர் என்பது திட்டத்தின் சிக்கனம். எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கலாம். அல்லது ஊரின் கைவினைஞரிடம் பயிலலாம் என்பது அதன் கல்வி விளக்கம்.

இத்திட்டத்தைத் திராவிடர் கழகமும் திராவிட முன்னேற்றக் கழகமும் 'குலக்கல்வி' எனப் பெயரிட்டு எதிர்த்தன. 1953 சூலையில் தி.மு.க. நடத்திய மும்முனைப் போராட்டத்தில் ஒரு முனை இதுவே. காங்கிரசுக்குள்ளும் எதிர்ப்பு வலுத்தது. அதே மாத இறுதியில் சட்டப்பேரவையில் நிகழ்ந்த வாக்கெடுப்பில், திட்டத்தைக் கைவிடக் கோரிய தீர்மானம் சரிசமமான வாக்குகளால் தோற்றது. திட்டத்தை நிறுத்திவைத்து வல்லுநர் குழுவின் ஆய்வுக்கு விடக் கோரிய தீர்மானம் மிகக் குறைந்த வேறுபாட்டில் வென்றது. பருலேகர் தலைமையிலான குழு திட்டத்துக்குச் சார்பாகவே பரிந்துரைத்தது. எனினும் 1954-இல் இராஜாஜி பதவி விலகி, காமராசர் முதலமைச்சரானார். அவ்வாண்டு மே மாதத்தில் கல்வி அமைச்சர் சி. சுப்பிரமணியம் திட்டம் கைவிடப்பட்டதை அறிவித்தார்.

வார்தாத் திட்டத்தையும் 1953-ஆம் ஆண்டுத் திட்டத்தையும் ஒன்றெனக் கொள்வது வரலாற்றுப் பிழை. முன்னதில் தொழில் பள்ளிக்குள் நிகழ்ந்தது. பயிற்சி பெற்ற ஆசிரியர் அதைப் பாடத்தோடு இயைத்தார். எந்தப் பிள்ளையும் எத்தொழிலையும் கற்கலாம். பின்னதில் தொழில் பள்ளிக்கு வெளியே தள்ளப்பட்டது, பெற்றோரே ஆசான், பிறப்பே பாடத்தேர்வு. முன்னது பள்ளி நேரத்தைத் தொழிலால் நிரப்பியது. பின்னது தொழிலின் பெயரால் பள்ளி நேரத்தைக் குறைத்தது.

ஆயினும் இரண்டையும் மக்கள் ஒன்றாகவே கண்டதற்கு அடிப்படை உண்டு. இரண்டுமே நடைமுறையில் சிற்றூர்ப் பிள்ளைகளுக்கே உரியனவாயின. நகரத்து உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலமும் கணிதமும் பயின்று அலுவலகம் செல்ல ஒரு வழியும், ஊர்ப்பள்ளியில் கைத்தொழில் பயின்று ஊரிலேயே தங்க மற்றொரு வழியும் என இரட்டைப் பாதை உருவாயிற்று. இரண்டாம் பாதை எத்துணை உயர்ந்த தத்துவத்தால் விளக்கப்பட்டாலும், அதில் நடக்குமாறு பணிக்கப்பட்டவர் அதை ஐயுற்றது இயல்பே. 1953-இன் எதிர்ப்பைக் கட்சி அரசியலாக மட்டும் சுருக்குவோர் இப்பட்டறிவின் நியாயத்தைக் காணத் தவறுகின்றனர். மறுபுறம், அவ்வெதிர்ப்பின் வெற்றிக்குப் பின்னர், கையால் செய்து கற்றல் என்னும் கொள்கையும் தமிழகக் கல்விச் சிந்தனையின் ஓரத்துக்கு ஒதுக்கப்பட்டது. இவ்விழப்பும் பதிவு செய்யப்பட வேண்டியதே.

சோறும் கூரையும்: மற்றொரு வகைப் புத்தாக்கம்

காமராசர் ஆட்சிக் காலத்தில் பொதுக்கல்வி இயக்குநராக விளங்கிய நெ. து. சுந்தரவடிவேலு முன்னெடுத்த முயற்சிகள் பள்ளிச் சீர்திருத்தத்தின் திசையை மாற்றின. 1956-இல் மதிய உணவுத் திட்டம் மாநில அளவில் வடிவம் பெற்றது. 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடைபெற்றன. ஒவ்வொரு பள்ளிக்கும் தேவையானவற்றைப் பட்டியலிட்டு, கட்டடம், இருக்கை, சீருடை முதலியவற்றை ஊர்மக்களே முன்வந்து வழங்குமாறு அம்மாநாடுகள் வழிவகுத்தன.

இங்கே புத்தாக்கம் பாடத்திட்டத்தில் நிகழவில்லை. பள்ளிக்கும் ஊருக்கும் இடையேயான உறவில் நிகழ்ந்தது. ஆதாரக் கல்வி, பிள்ளையின் உழைப்பைப் பள்ளிக்கு வருவாயாக்க எண்ணியது. சீரமைப்பு இயக்கமோ பெரியவர்களின் செல்வத்தையும் உழைப்பையும் பிள்ளைக்காகத் திரட்டியது. நிதிப் பற்றாக்குறை என்னும் ஒரே சிக்கலுக்கு வந்த இரு விடைகள் இவை. இரண்டாம் விடையே 1982-இன் சத்துணவுத் திட்டம், 2022-இன் காலை உணவுத் திட்டம் எனத் தமிழகத்தில் தொடர்ந்தது. பள்ளிக்கு வரும் பிள்ளை தன் செலவை ஈட்ட வேண்டியதில்லை என்பதைத் தமிழகம் ஒரு கொள்கையாகவே ஏற்றுக்கொண்டதற்கு இத்தொடர்ச்சி சான்று.

பணி அனுபவம் முதல் புத்தாக்க ஆய்வகம் வரை

தேசிய அளவில் கைத்தொழிற்கல்வி பெயர்களை மாற்றிக்கொண்டு தொடர்ந்தது. 1964–66 கோத்தாரி ஆணையம் அதைப் 'பணி அனுபவம்' எனத் திருத்தியமைத்தது. 1977-இல் ஈசுவர்பாய் பட்டேல் குழு 'சமுதாயப் பயன்தரு ஆக்கப்பணி' என்றது. 1978-இல் தமிழகத்தில் மேல்நிலைக் கல்வி தொடங்கியபோது தொழிற்பிரிவும் உடன் தொடங்கியது. 2011-இல் மேல்நிலை மாணவருக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கப்பட்டது. 2016-இல் ஒன்றிய அரசின் நிதி ஆயோக் அமைப்பு, 6 முதல் 12 வரையான வகுப்புகளுக்கு அடல் புத்தாக்க ஆய்வகங்களைத் தொடங்கியது. 2020-இன் தேசியக் கல்விக் கொள்கை 6-ஆம் வகுப்பு முதல் தொழில் அறிமுகத்தையும், உள்ளூர்க் கைவினைஞரிடம் பத்து நாள் புத்தகப் பையில்லாப் பயிற்சியையும் பரிந்துரைத்தது. தமிழக அரசு 2022-இல் 'நான் முதல்வன்' திட்டத்தைத் தொடங்கியது. தொழில்முனைவோர் மேம்பாட்டு நிறுவனத்தின் வழியாகப் பள்ளிகளில் புத்தாக்க மேம்பாட்டுத் திட்டத்தையும் நடத்துகிறது.

தேசியக் கல்விக் கொள்கையின் தொழிற்பயிற்சிக் கூறு தமிழகத்தில் உடனே 'குலக்கல்வி' என்னும் சொல்லை மீட்டெழுப்பியது. 2023-இல் தொடங்கப்பட்ட பிரதமரின் விசுவகர்மா திட்டத்தில், விண்ணப்பதாரர் குடும்ப வழித் தொழிலைச் செய்பவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையைத் தமிழக அரசு ஏற்க மறுத்தது. அத்திட்டத்தை அப்படியே செயற்படுத்த இயலாது என 2024-இல் தெரிவித்து, சாதி அடிப்படையற்ற மாற்றுத் திட்டமொன்றை வகுத்தது. எழுபது ஆண்டுகள் கடந்தும் 1953-இன் நினைவு கொள்கை முடிவுகளை வடிவமைக்கும் ஆற்றலோடு நிற்பதை இது காட்டுகிறது.

குஜிலியம்பாறையிலிருந்து நோக்குதல்

மேற்கண்ட வரலாற்றிலிருந்து பள்ளிப் புத்தாக்கத் திட்டம் எதையும் மதிப்பிடப் பயன்படும் மூன்று அளவுகோல்களைப் பெறலாம்.

முதலாவது, கருவி பற்றியது. கருவியின் உள்ளமைப்பை மாணவர் அறிய இயலுமா, அல்லது அதைப் பயன்படுத்துபவராக மட்டும் நிற்பாரா என்பது வினா. தக்ளி முற்றிலும் திறந்த கருவி. அதைச் செய்யவும் பழுதுபார்க்கவும் சிறுவனால் இயலும். திண்டுக்கல்லின் மாங்காய்ப் பூட்டும் அத்தகையதே. நெம்புகோல், சுருள்வில், அரம் கொண்டு நுண்ணளவில் தேய்த்தல் என இயந்திரவியலின் அடிப்படைகள் பலவும் ஒரு பூட்டினுள் அடங்கியுள்ளன. அறிவியல் பாடத்துக்கு இதைவிட அண்மையான ஆய்வுப்பொருள் இம்மாவட்டத்தில் அரிது. மடிக்கணினியோ, நிரலாக்கம் கற்பிக்கப்படாதவிடத்து, மூடிய பெட்டியாகவே எஞ்சுகிறது. இயந்திரத்தைப் பற்றி 1924-இல் கேட்கப்பட்ட வினா கணினிக்கும் அப்படியே பொருந்தும்.

இரண்டாவது, வருவாய் பற்றியது. மாணவரின் உழைப்பால் யார் பயன்பெறுகிறார் என்பது அவ்வினா. திண்டுக்கல் உள்ளிட்ட மேற்கு மாவட்ட நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்னும் பெயரில் வளரிளம் பெண்கள் ஒப்பந்த முறையில் வேலைக்கு அமர்த்தப்பட்ட நிலை பல்லாண்டுகள் பொதுவெளியில் கண்டனத்துக்கு உள்ளானது. விடுதலையின் குறியீடாக ஒரு தலைமுறைப் பிள்ளைகளின் கையில் தரப்பட்ட நூல், அதே மாவட்டத்தில் பின்னொரு தலைமுறைப் பெண்களைப் பள்ளியிலிருந்து விலக்கிய நூலாகவும் ஆயிற்று. மேலும், 2016-இன் குழந்தைத் தொழிலாளர் சட்டத் திருத்தம், இடர் இல்லாத குடும்பத் தொழிலில் பள்ளி நேரத்துக்குப் பின்னர்ப் பிள்ளைகள் உதவுவதை அனுமதிக்கிறது. பள்ளி நேரத்தைக் குறைக்காவிடினும், வீட்டைப் பட்டறையாக ஏற்கும் 1953-இன் தருக்கம் இச்சட்டத்தில் மெல்லிய வடிவில் தொடர்கிறது. தொழில்முனைவுக் கல்வி பேசுவோர், மாணவரை முனைவோராகக் காண்கிறாரா, மலிவான உழைப்பாகக் காண்கிறாரா என்பதை இப்பின்புலத்தில் வைத்தே தெளிய வேண்டும்.

மூன்றாவது, மேற்செல்லும் வழி பற்றியது. தொழில்வழிப் பயின்றவருக்கு உயர்கல்வியின் எல்லாக் கதவுகளும் திறந்திருக்கின்றனவா என்பது வினா. ஆதாரக் கல்வி பெரிதும் தோற்றது இவ்விடத்தில்தான். மேல்நிலைத் தொழிற்பிரிவும் இதே காரணத்தால், வேறிடம் கிடைக்காதவர் சேரும் பிரிவு என்னும் பெயரைச் சுமந்தது. மாவட்டத் தலைநகரின் தனியார் பள்ளியில் எந்திரனியல் புத்தாக்கமாகவும், குஜிலியம்பாறை போன்ற ஒன்றியத்தின் அரசுப் பள்ளியில் தையலும் தச்சும் தொழிற்பயிற்சியாகவும் பிரிந்து நிற்குமாயின், பெயர் எதுவாயினும் அது பழைய இரட்டைப் பாதையே. ஒரே பயிற்சி இரு பள்ளிகளிலும், ஒரே மதிப்பெண் இரு மாணவருக்கும் என்றால் மட்டுமே தொழில்வழிக் கல்வி மீதான ஐயம் நீங்கும்.

முடிவுரை

ஆதாரக் கல்வியின் வரலாறு ஒரு தோல்வியின் வரலாறாகவே பெரும்பாலும் எழுதப்படுகிறது. அதன் தற்சார்புப் பொருளியல் தோற்றது உண்மை. 24 நாள் உழைப்புக்கு ஒரு பவுண்டு நூல் என்னும் கணக்கு அதைத் தெளிவாக்குகிறது. அதன் கற்பித்தல் கொள்கை தோற்றதாகக் கூற இயலாது. அது போதிய அளவு சோதிக்கப்படவே இல்லை. 1953-இன் திட்டம் தொழிலைப் பிறப்போடு பிணைத்ததால், தொழிலைப் பாடத்தோடு பிணைத்த முந்தைய முயற்சியும் சேர்ந்தே பழி ஏற்றது. தமிழகம் குலக்கல்வியை மறுத்தது சரியான முடிவு. அம்மறுப்போடு கைவினை அறிவையும் பள்ளியிலிருந்து விலக்கிக்கொண்டது தவிர்த்திருக்கக்கூடிய இழப்பு.

கருவி திறந்ததாக இருத்தல், உழைப்பின் பயன் மாணவரின் கல்வியாகவே அமைதல், மேற்செல்லும் வழி அனைவருக்கும் ஒன்றாயிருத்தல் ஆகிய மூன்றும் நிறைவேறாத புத்தாக்கம், பழைய ஏற்றத்தாழ்வைப் புதிய சொற்களால் புதுப்பிப்பதாகவே முடியும். உழைப்பிலிருந்து விடுபடத் தன் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் மானாவாரி உழவரின் எண்ணத்தைப் பழமைவாதமென ஒதுக்கிவிட இயலாது. அவ்வெண்ணத்தின் பின்னால் மூன்று தலைமுறைப் பட்டறிவு நிற்கிறது. இனிவரும் சீர்திருத்தங்கள் அப்பட்டறிவுக்கு விடை சொல்லும் கடமையிலிருந்து தொடங்க வேண்டும். காந்திகிராமத்தில் பயின்றோரின் வாய்மொழி வரலாறுகளையும், திண்டுக்கல் வட்டார ஒன்றியப் பள்ளிகளின் பதிவேடுகளையும் இணைத்து ஆராய்வது இத்துறையில் அடுத்து மேற்கொள்ளத்தக்க பணியாகும்.